சரிக்கக் கூடாத ஒரு பொருள்

ரெஜிலா என்ன வேலை பார்க்கிறாள் என்று குளத்தூர்ப் பக்கம் விசாரித்தால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பார் ஒருவர். வீட்டுக்குப் பிளான் போடுகிற பிள்ளை என்பார் இன்னொருவர். சொல்லும்போதே தனக்கும் ஒன்று சும்மா போட்டு வாங்கிவிடலாமா என்று அவர் மனம் கணக்குப் போடத் தொடங்கியிருக்கும். சபையின் பெண்கள் சங்கத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "அது படிச்சிட்டே இருக்கு." முப்பது வயதுக்கு மேல் ஒருத்தி படித்துக்கொண்டே இருப்பது அவர்களுக்கு ஏதோ நாள்பட்ட நோய் மாதிரி. ஒரு உபவாச ஜெபத்தில் நோயாளிகளின் பெயர்களோடு அவள் பெயரையும் சேர்த்து வாசித்துவிட்டார்கள். அவள் அப்பா ஞானையன் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்.

உண்மையில் அவள் திருவனந்தபுரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில், கட்டடக்கலைத் துறையில், கணினியை வைத்துக் கட்டடம் வடிவமைக்கிற ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி. காலையில் பாறசாலையில் பாசஞ்சர் வண்டி ஏறுவாள். நெய்யாற்றின்கரையில் செந்தில்வேல் ஏறுவான். அவனும் அதே ஆய்வுக்கூடம்தான். அவனுடைய முன்னோர் மகாராஜாவின் கச்சேரியில் கணக்கு எழுதியவர்கள். இவன் கணினிக்குள் கணக்கு எழுதுகிறான், குலத்தொழில் விட்டுப்போகவில்லை என்று அவன் வீட்டில் ஒரு பெருமை உண்டு. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்துவிட்டால் பேட்டை ஸ்டேஷன் தாண்டுவதுகூடத் தெரியாது. பக்கத்துச் சீட்டுப் பெண்கள் ஏதோ சீரியல் ஓடுகிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். கோடுகள் மட்டும் நெளிவதைக் கண்டு ஏமாந்து மறுபக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அந்தக் கோடுகள்தான் இருவருடைய பிழைப்பும். நிலம் எவ்வளவு, ரோடு எந்தப் பக்கம், வீட்டில் எத்தனை பேர் என்று சொன்னால் போதும். அவர்கள் எழுதிய நிரல் நூற்றுக்கணக்கில் வீட்டு வரைபடங்களைப் போட்டுத் தள்ளும். ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம், காற்று, செலவு, வீணாகிற இடம் என்று பார்த்து மதிப்பெண் போடும். மோசமானதைக் கழித்துவிட்டு, நல்லதையும் நல்லதையும் கலந்து இன்னும் நல்லதைப் பெறப் பார்க்கும். இந்தப் பக்கத்தில் எல்லோரிடமும் இருப்பது மூன்று சென்ட், நாலு சென்ட். அந்தத் துண்டு நிலத்தில் மனுஷன் மூச்சு முட்டாமல் வாழ ஒரு வீடு வேண்டும் என்பதுதான் ரெஜிலாவின் ஆராய்ச்சி. அதற்காகக் கோட்டுகால், குளத்தூர், காரக்கோணம் என்று வீடு வீடாக ஏறி அளந்திருக்கிறாள். பலரும் அவளை வரி போட வந்தவள் என்று நினைத்து நாயை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள்.

நிரலில் ஒரு சின்ன பகுதி உண்டு. வீட்டுச் சாமான்களை வாசல் வழியாக உள்ளே கொண்டுபோக முடியுமா, திருப்பத்தில் திரும்புமா என்று அது பார்க்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இலவசமாகக் கொடுத்த சாமான் களஞ்சியத்தில் சோபா, குளியல் தொட்டி, பியானோ எல்லாம் இருந்தன. பியானோவை நீக்கிவிட்டுத் தையல் மெஷினைச் சேர்த்தார்கள். இரும்பு பீரோ, கிரைண்டர், தேக்குக் கட்டில் எல்லாம் வந்தன. அதில் செந்தில்வேல் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தான். படுத்த வாக்கில் திரும்பாத சாமான் நிமிர்த்திப் பிடித்தால் திரும்பும் அல்லவா? பீரோ தூக்குகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அதை நிரலுக்குச் சொல்லிக்கொடுத்தான். சரிக்கலாம், நிமிர்த்தலாம் என்று ஆனதும் நடைகள் எல்லாம் ஒடுங்கின, அறைகள் விரிந்தன. பூனாவில் ஒரு கருத்தரங்கில் இதற்காகவே இருவருக்கும் கைதட்டல் கிடைத்தது.

அந்த நிரல் போட்டுக் கொடுத்து, நிஜமாகவே எழும்பிய முதல் வீடு ஞானையனுடையது.

ஞானையன் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெறும்வரை அவருக்குச் சொந்த வீடு கிடையாது. அண்ணன்மார் இரண்டு பேரோடு பொதுவான குடும்ப வீட்டில் ஒரு பங்கில் இருந்தார். அவருடைய அப்பா இறந்த அன்று, சவப்பெட்டியை யார் பங்கு வாசல் வழியாக இறக்குவது என்று அண்ணன்மாருக்குள் சண்டை வந்துவிட்டது. பெட்டி நடுமுற்றத்து வெயிலில் காத்திருக்க, போதகர் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அன்று ஞானையன் சொன்ன வார்த்தையை அதன்பிறகு குடும்பத்தில் எல்லோரும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனார்கள்.

"நான் எனக்க சொந்த வாசல் வழியாக்கும் எறங்குவேன். ஒருத்தனுக்க வாசலும் எனக்கு வேண்டாம்."

ஓய்வுப் பணம் வந்ததும் குளத்தூரில் நாலு சென்ட் வாங்கினார். மேற்கே ரோடு. மகளுடைய கம்ப்யூட்டர் கொடுத்த வரைபடங்களில் ஒன்றைத் தானே விரல் வைத்துத் தேர்ந்தெடுத்தார். முன்பக்கம் சிட்அவுட் என்கிற சின்னத் திண்ணை, அதைத் தாண்டினால் நேரே ஒரு சுவர். அங்கே இடப்பக்கம் திரும்பி, ஒடுங்கிய நடையில் போய், வலப்பக்கம் திரும்பினால் ஹால். அந்தச் சுவர்தான் வீட்டின் கெட்டிக்காரத்தனம். வீடு பிரதிஷ்டைக்கு வந்தவர்கள் எல்லாம் அதில் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஞானையன் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் விளக்கினார்.

"எனக்க மக கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு வச்ச சுவராக்கும். சாயங்கால வெயிலு உள்ள வராது. ரோட்டுப் பொடி வராது. போறவனுக்க கண்ணும் வராது. காத்து மட்டும் வளஞ்சு வரும்."

ரெஜிலா அன்று பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. பட்டம் கிடைத்தால்கூட அவ்வளவு சந்தோஷம் வராது என்று நினைத்தாள். அதுவும் உண்மைதான்.

அடுத்த மழைக்காலத்தில் ஞானையனுக்கு வயிற்று வலி தொடங்கியது. முதலில் காரக்கோணம் ஆஸ்பத்திரி, பிறகு திருவனந்தபுரம். வயிற்றில் வளர்ந்திருந்தது வெட்டி எடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் ரெஜிலாவிடம் தனியாகச் சொன்னார். ஆம்புலன்ஸில் வீடு வந்ததும், ஸ்ட்ரெச்சரை சிட்அவுட்டில் வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்துத் தூக்கி உள்ளே, ஹாலில் போட்ட கட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். ரெஜிலா அப்போது மருந்துப் பையும் ஸ்கேன் கவருமாக வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். அதைக் கவனிக்கவில்லை.

அன்று முதல் அம்மா சரோஜம் வீட்டில் ஒரு சட்டம் போட்டாள். சாவு என்ற பேச்சு வாசல்படி தாண்டி உள்ளே வரக் கூடாது. வருகிறவர்கள் எல்லோரும் அதற்குத் தகுந்தபடி பேசினார்கள். போன வாரத்தைவிட முகத்தில் தெளிச்சம் உண்டு என்றார்கள். பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தார்கள். மஸ்கட்டிலிருந்து மகன் சிபி போனில் "அப்பா நூறு வயசு இருப்பிய" என்றான். ஞானையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முப்பது வருஷம் வாய் ஓயாமல் பேசிய மனுஷன் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அதையும் முன்னேற்றம் என்றாள் சரோஜம். உடம்புக்கு ஓய்வு கிடைக்கிறதாம்.

இதற்கிடையில் பக்கத்துத் தெரு ரத்னபாய் அம்மா இறந்துபோனாள். ரெஜிலா அடக்கத்துக்குப் போனாள். ஹாலில் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பாடி, போதகர் ஜெபித்து, பிள்ளைகள் கடைசியாக முத்தமிட்டு, மூடி போட்டார்கள். ஆட்கள் பெட்டியைத் தூக்கினார்கள். சிட்அவுட் படியில் முன்னால் பிடித்தவர்கள் இறங்கியபோது பெட்டி லேசாகச் சாய்ந்தது. உடனே நாலாபக்கமிருந்தும் குரல் வந்தது.

"சரிக்காத, சரிக்காத! நேரா பிடி மக்கா!"

இந்தக் குரலை ரெஜிலா சின்ன வயதிலிருந்து எத்தனை வீட்டு முற்றத்தில் கேட்டிருப்பாள்! எந்தச் சாவு வீட்டிலும் யாரோ ஒருவர் இதைச் சொல்லாமல் பெட்டி இறங்கியதில்லை. ஆனால் அன்றுதான் அது காதைத் தாண்டி உள்ளே போனது. அவள் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற கூட்டத்தோடு போகாமல் நேரே வீட்டுக்கு நடந்தாள்.

சிட்அவுட்டில் ஏறினாள். எதிரே சுவர். இடப்பக்கம் திரும்பினாள். நடையில் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். முழங்கை நிமிரும் முன்பே விரல்கள் இருபக்கமும் சுவரில் பட்டன. பீரோ இந்த வழியாகத்தான் வந்தது, நிமிர்ந்து வந்தது. கட்டில் கழற்றிப் பூட்டப்பட்டது. சோபா குத்துக்கால் போட்டுக்கொண்டு வந்தது. ஒரு மனுஷன் படுத்த பெட்டியை யார் நிமிர்த்துவார்கள்?

"ஆராக்கும் அது?" என்று ஹாலிலிருந்து ஞானையனின் குரல் வந்தது.

"நான்தான் அப்பா," என்றாள்.

மறுநாள் ரயிலில் அவள் மடிக்கணினியைத் திறக்கவில்லை. செந்தில்வேல் ஏறி உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் விழுந்துவிட்டது.

"எங்க ஆளுகளுக்குப் பெட்டி இல்லல்லா ரெஜிலா," என்றான். "எங்களுக்கு முற்றத்துல வச்சே மூங்கில்ல கெட்டி எடுத்துருவாவ. எனக்கு ஓர்மையே வரல்ல."

"ஒனக்கு ஓர்மை வராதது சரி. நான் எத்தன அடக்கத்துக்குப் போயிருக்கேன்? எனக்கு என்ன கேடு?"

ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் ஒரு நீளமான பெட்டியைப் புதிதாக வரைந்து, சரிக்கக் கூடாது என்று விதி போட்டு, ஞானையன் வீட்டு வரைபடத்துக்குள் விட்டார்கள். ஹாலிலிருந்து புறப்பட்டுத் திருப்பத்தில் போய் மாட்டிச் சிவப்பாகி நின்றது. அடுக்களை வாசலையும் பார்த்தார்கள். அது மதில் சுவரை ஒட்டிய சந்துக்குள் திறக்கிற வாசல், அங்கேயும் சிவப்பு. உடம்பைப் போர்வையில் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் வைத்துப் பெட்டி மூடலாம், அதற்கு ஒன்றும் தடையில்லை. ஆனால் அப்பா எதற்காக வீடு கட்டினார்? முற்றத்து வெயிலில் பெட்டி காத்திருக்கக் கூடாது என்றுதானே!

அவர்களுடைய பேராசிரியை பிந்து வந்து திரையைப் பார்த்தார். நல்லவர்தான். ஆனால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய நேரத்தில் மாணவி புதுப் பொருளைச் சேர்த்தால் எந்தப் பேராசிரியைக்குத்தான் தலை சுற்றாது? "இதைச் சேர்த்தால் எல்லா வீட்டையும் திரும்ப ஓட்ட வேண்டும், ரெஜிலா. எப்போதாவது ஒருமுறை நடக்கிற காரியத்துக்கு இவ்வளவு இடத்தை ஒதுக்கணுமா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"சோபா வாங்காத வீடு எங்கள் ஊரில் எவ்வளவோ உண்டு டீச்சர்," என்றாள் ரெஜிலா. "பெட்டி வராத வீடு இல்லை."

பிந்து அந்தப் பெட்டியை மறுபடியும் ஒருமுறை நகர்த்திப் பார்த்தார். அவருடைய வீட்டிலும் வயதான அம்மா உண்டு. பிறகு, சேர்த்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிரலில் சேர்ப்பது எளிது. வீட்டில் சுவரை இடிப்பதும் அப்படியொன்றும் கஷ்டமில்லை. அது பாரம் தாங்காத சுவர். ஆனால் நோயில் கிடக்கிற அப்பாவிடம், உங்கள் பெட்டி போக வழி போதாது, சுவரை இடிக்கிறேன் என்று எந்த மகள் போய்ச் சொல்வாள்? அம்மா கேட்டால் உயிரோடு இருக்கிறவருக்கு வழி வெட்டுகிறாயா என்று மாரில் அடித்துக்கொள்வாள். சொல்லாமல் விட்டால்? அப்பா வாழ்நாளெல்லாம் கேட்ட ஒரே ஒரு காரியம் நடக்காமல் போகும், அதுவும் மகள் கட்டிக் கொடுத்த வீட்டில். கடைசியில் ஒரு பொய் சொல்வது என்று முடிவு செய்தாள். பொய் சொல்லத் தெரியாதவர்கள் எடுக்கிற முடிவுதான் அது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்தாள். சரோஜம் பக்கத்தில் இருந்து அவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வாசல்ல உள்ள சுவர எடுக்கணும்போல இருக்கு."

"எந்தச் சுவர? வீட்டுக்க அழகே அதாக்கும்னு சொன்னியே, அந்தச் சுவரயா?"

"காத்து சரியா வரல்ல. திருப்பிக் கணக்குப் போட்டப்பத்தான் தெரிஞ்சுது."

ஞானையன் மகளை ஏற இறங்கப் பார்த்தார். டிக்கெட்டைக் கீழே போட்டுவிட்டேன் சார் என்கிறவர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்த கண் அது.

"நேத்து வரைக்கும் காத்து வந்துதே. இன்னைக்குக் கம்ப்யூட்டருக்கு என்ன கேடு வந்துது?"

"அது... ஈரப்பதம் கூடுது அப்பா. மேக்கு காத்துக்கும் சுவருக்கும்..."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "சரோஜம், இச்சிரி கட்டன்சாயா போடு. இஞ்சி நச்சிப் போடணும், கேட்டியா."

சரோஜம் எழுந்து அடுக்களைக்குப் போனாள். ஞானையன் குரலைத் தாழ்த்தினார்.

"பெட்டி திரும்பாது. அதுதானே மக்கா?"

ரெஜிலா அழுதுவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோதுகூட அடக்கிக்கொண்டவள், கட்டில் விளிம்பில் தலையை வைத்துச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். ஞானையன் அவள் தலையில் கை வைத்தார்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. ஸ்ட்ரெச்சர வெளிய போட்டுட்டு என்ன நாற்காலியில வச்சுத் தூக்குனானுவல்லா. உயிரோட உள்ளவன நாற்காலியில இருத்தலாம். செத்தவன எப்பிடி இருத்துவ?"

"ஏன் அப்பா என்கிட்ட சொல்லல்ல?"

"ஆருகிட்ட, என்னன்னு சொல்ல? வாயத் தொறந்தா ஒங்கம்மா ஜெபம் தொடங்கிருவா. சிபி நூறு வயசுங்குதான். வாறவன் எல்லாம் பப்பாளி எலையக் கசக்கிட்டு வாறான். நீ கம்ப்யூட்டரக் கெட்டிப் பிடிச்சிட்டு இருக்க. நான் சாவப் போறேன்னு இந்த வீட்டுல எனக்கு மட்டுமாக்கும் தெரியும்னு நெனச்சேன். ஆளில்லாத பஸ்ஸுல ஒத்தைக்கு இருக்குத மாதிரி ஆயிப்போச்சு மக்கா."

அவ்வளவு நீளமாக அவர் பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது. மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. காற்றாம், ஈரப்பதமாம் என்று சிரித்தார். கடைசியில் ஒருத்தியாவது உண்மையை நினைத்து ஒரு வேலை செய்யக் கிளம்பினாளே என்றார். கம்ப்யூட்டரில் காட்டச் சொன்னார். ரெஜிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். சிவப்புப் பெட்டி ஹாலிலிருந்து நகர்ந்து திருப்பத்தில் முட்டியது, பின்வாங்கியது, மறுபடியும் முட்டியது. ஞானையன் ரசித்துப் பார்த்தார்.

"இதுக்கு என்ன பேரு வச்சிருக்க?"

"மத்த சாமானுக்கெல்லாம் பேரு உண்டு. இதுக்கு ஒண்ணும் எழுதல்ல அப்பா. எழுத மனசு வரல்ல."

"எனக்க பேரப் போடு."

"அப்பா!"

"போடு பிள்ள. வேற ஆரு போறா அதுல?"

அவர் சொல்லச் சொல்ல ரெஜிலா எழுதினாள். பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் ஞானையன் என்று ஒரு பொருள் சேர்ந்தது. பிறகு அவர் மற்ற ஆசைகளையும் சொன்னார். அதிகமில்லை. காக்கி நிறத்தில் ஒன்றும் போடக் கூடாது, போதுமான அளவு போட்டாகிவிட்டது. பாடகர் குழுவில் பொன்னப்பன் பாடக் கூடாது, சுருதி சேராது.

"எனக்க அண்ணன்மாரு ரெண்டு பேரும் முன்னால பிடிக்கணும். அப்பனுக்கப் பெட்டிய வெயில்ல வச்சுட்டு சண்ட போட்டானுவல்லா. எனக்கத ஒண்ணாச் சேந்து பிடிக்கட்டு."

இருவரும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தபோது, அடுக்களைக் கதவருகே சரோஜம் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. முகமெல்லாம் நனைந்திருந்தது. வந்து டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

"பறஞ்சு தீந்தாச்சா ரெண்டு பேருக்கும்?" என்றாள். கொஞ்சம் பொறுத்து மகளைப் பார்த்து, "பொன்னப்பன விளி. ஆனா சிமெண்டுப் பொடி இவருக்கு ஆவாது. துணி நனச்சுக் கெட்டிட்டு இடிக்கச் சொல்லு," என்றாள்.

பொன்னப்பன்தான் வீட்டைக் கட்டிய காண்ட்ராக்டர். சுருதி சேராதவரும் அவர்தான். தான் எழுப்பிய சுவரைத் தானே இடிப்பதா என்று அவருக்கு ஏக வருத்தம். இப்படி அழகான சுவரை எதற்கு இடிக்கிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நனைந்த துணிக்குப் பின்னாலிருந்து ஞானையன் குரல் கொடுத்தார்.

"எலே பொன்னப்பா, நான் போறதுக்கு வழி விடுலே!"

பொன்னப்பன் சிரித்தார். பாதிச் சிரிப்பில் அவருக்கு விஷயம் பிடிபட்டது. சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, சிட்அவுட்டில் போய்க் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு வந்து, ரொம்ப மெதுவாக, செங்கல் செங்கலாக எடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

சுவர் போன அன்று மாலையில் ஒரு காரியம் நடந்தது. சாயங்கால வெயில் வாசல் வழியாக நேரே வந்து, ஹாலில் நீண்டு, ஞானையனின் கட்டிலில் ஏறியது. நிரல் எந்த வெயிலுக்குப் பயந்து வீட்டை வளைத்ததோ அதே வெயில்தான். ரெஜிலா ஓடிப்போய்த் திரைச்சீலையை இழுக்கப் பார்த்தாள்.

"கெடக்கட்டு, கெடக்கட்டு," என்றார் ஞானையன். குளிர்ந்துபோயிருந்த காலைப் போர்வையிலிருந்து வெளியே நீட்டினார். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. இதயாக்கும் நீ இவ்வளவு நாளும் வெளிய நிறுத்தி வச்சிருந்த?"

அதற்குப் பிறகு கட்டிலிலிருந்தே அவருக்கு ரோடு தெரிந்தது. போகிறவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பப்பாளி இலையோடு வந்தவர்களிடம், இலை இருக்கட்டும், பெட்டிக்கு வழி எப்படியிருக்கிறது பார் என்று காட்டினார். முதலில் திகைத்தவர்கள் பிறகு உட்கார்ந்து பேசினார்கள். முன்பு கால் மணி நேரத்தில் எழுந்து போனவர்கள் சாயா குடித்துவிட்டுப் போனார்கள். சரோஜம்கூட ஒருநாள், எனக்கு முன்னால போய் இடம் பிடிச்சு வையுங்க, நான் வாறேன் என்று சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். ஞானையன் அவளுக்கு முன்சீட்டே தருவதாகச் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால், ஒரு மத்தியானத்தில், கஞ்சி வேண்டாம் என்று சொல்லிக் கண்ணை மூடியவர் பிறகு திறக்கவில்லை.

மறுநாள் அந்த ஹாலில் பெட்டியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து பாடினார்கள். பொன்னப்பன் பாடகர் குழுவோடு நிற்காமல் ஒதுங்கி நின்று வாயை மட்டும் அசைத்தார். யார் போய் அவரிடம் சொன்னார்களோ! மஸ்கட்டிலிருந்து வந்த சிபியும் ரெஜிலாவும் சேர்ந்து மூடி போட்டார்கள். பெரியப்பாமார் இரண்டு பேரும் முன்னால் வந்து பிடித்தார்கள். இருவருக்குமே வயதாகிவிட்டது, பிடி தளர்ந்தது. அதைக் கண்டு செந்தில்வேல் தானாகவே போய் இருவருக்கும் நடுவில் தோள் கொடுத்தான். ஒரு பெட்டியைத் தூக்குவது அவனுக்கு அதுதான் முதல்முறை.

ஹாலிலிருந்து புறப்பட்டு, சுவர் நின்ற இடத்தின் மேல், பெட்டி நேராகப் போனது. தரையில் அந்தச் சுவரின் தடம் இன்னும் ஒரு கோடாகத் தெரிந்தது. டைல்ஸ் போட்டு மறைக்க வேண்டாம் என்று ஞானையன் சொல்லியிருந்தார். இருபக்கமும் இடம் தாராளமாக இருந்தது. படியில் இறங்கும்போது மட்டும் வழக்கம்போல நாலாபக்கமிருந்தும் குரல் வந்தது. சரோஜம் மகளின் கையைப் பிடித்து இறுக்கினாள்.

"அவரு சொன்ன வாசல் வழியாவே எறங்கிட்டாரு பிள்ள," என்றாள்.

ஆய்வேடு ஒரு வருஷம் பிந்தித்தான் போனது. எல்லா வீட்டையும் திரும்ப ஓட்ட வேண்டியிருந்தது. நிறைய வீடுகள் மதிப்பெண் இழந்தன. வாய்மொழித் தேர்வில் ஒருவரும் அந்தப் பொருளைப் பற்றி விசேஷமாகக் கேட்கவில்லை. பெண்கள் சங்கத்தில், கடைசியில் படிப்பு குணமாகிவிட்டது என்று ஸ்தோத்திரம் சொன்னார்கள். ரெஜிலா இப்போதும் அதே பாசஞ்சர் வண்டியில்தான் போகிறாள். அதே ஆய்வுக்கூடத்தில் இப்போது புது மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

இந்த வருஷம் சேர்ந்தவர்களில் கோட்டுகாலிலிருந்து வருகிற ஆர்யா என்று ஒரு பெண். வேகமானவள், அவசரக்காரி. அந்தக் களஞ்சியத்தில் உள்ள பெயர்களில் எது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஞானையன் என்பது ஏதோ நீளமான பெஞ்சு என்று நினைத்திருக்கலாம். போன வாரம் மூன்று சென்ட் வீடு ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தவள் தன் மேசையிலிருந்தே சத்தம் போட்டாள்.

"மேடம், பிரிட்ஜ் போயாச்சு, பீரோ போயாச்சு. இந்த ஞானையன் மட்டும் திருப்பத்துல குடுங்கி நிக்குது."

அந்தப் பக்கம் செந்தில்வேல் கணினியிலிருந்து தலையைத் தூக்கி ரெஜிலாவைப் பார்த்தான்.

"வழிய மாத்து," என்றாள் ரெஜிலா.

"வேண்டாம் மேடம், இச்சிரி சரிச்சா போயிரும். மத்ததெல்லாம் சரிக்கலாமே, இதுக்கு மட்டும் என்ன?"

"அதச் சரிக்கப்பிடாது ஆர்யா. அது இருக்கிறபடியே போகணும். சுவர எடு."

அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே சுவரை அழித்தாள். திரையில் கோடுகள் நெளிந்து, ஒதுங்கி, மறுபடி நின்றன. ரெஜிலா தன் மேசையில் கையில் எடுத்த பேனாவை வைக்காமல் காத்திருந்தாள்.

"போயாச்சு மேடம்," என்றாள் ஆர்யா.

"முட்டலியே?"

"இல்ல மேடம். வாசல் வழியா நேரா எறங்கிப் போயாச்சு."